இரவல் குழந்தை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆவடியில் நாங்கள் இருந்த ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இது எல்லோருக்கும் தெரியும். பால்காரர்கூட எங்கள் வீட்டுப் பாலில் தண்ணீர் கலக்கப் பயப்படுவார். ஆனால் அயனம்பாக்கம் ஏரியின் ஓரத்தில் இருந்த அந்தக் குடிசைகளில் யாருக்கும் என்னைத் தெரியாது, எனக்கும் அவர்களைத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கோடைக்காலத்தில், குழந்தைகளை எடை போட அங்கே போனேன். மண்டை உடைந்து திரும்பினேன். நானும் சும்மா வரவில்லை, ஒருவன் கன்னத்தில் என் செருப்பைப் பதித்துவிட்டுத்தான் வந்தேன்.

பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த காலம் அது. அப்பா தொழிற்சாலையில் லேத்தில் வேலை செய்தார். 'சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பதற்கு வெளியே போய் எதையாவது செய்' என்று அவர்தான் அந்த வேலையை விசாரித்து வந்து சொன்னார். சென்னையின் மேற்குப் புறநகர்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளக்க வேண்டும். எத்தனை பிறந்தன, எத்தனை தங்கின என்று தாய்மார்களிடம் கேட்க வேண்டும். முகப்பேரில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. நடத்தியவரை நாங்கள் சார் என்போம். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

ஒரு நாடு முன்னேறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று முதல் நாளே கேட்டார். நாங்கள் ரோடு என்றோம், தொழிற்சாலை என்றோம், பணம் என்றோம். இதுவரை உலகம் முழுக்கப் பணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போதுதான் மனிதன் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறான், எவ்வளவு படிக்கிறான் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றார். நாடுகளை அப்படி வரிசைப்படுத்திச் செய்தித்தாள்களில் போட ஆரம்பித்திருந்த நேரம் அது. ஆனால் அதுவும் சராசரிதான், சராசரியை நம்பிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

எனக்கு உடனே எங்கள் குடியிருப்பின் மதில் சுவர் ஞாபகம் வந்தது. மதிலுக்கு உள்ளே வீட்டுக்கு வீடு குழாய், தொழிற்சாலை ஆஸ்பத்திரி, வீட்டுக்கே வந்து தடுப்பூசி போடும் நர்ஸ். மதிலுக்கு வெளியே ஒரே தெருக்குழாயில் குடங்கள் மோதிக்கொள்ளும், சில நாள் குடங்கள் மண்டைகளோடும் மோதும். இரண்டையும் கூட்டி வகுத்தால் எல்லோர் வீட்டிலும் அரைக் குழாய் இருப்பதாகக் கணக்கு வரும். இதைச் சொன்னதும் சார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

எடை ஏன் முக்கியம் என்பதையும் அவர்தான் விளக்கினார். வயிறு நிறையச் சாப்பிட்டு, நல்ல தண்ணீர் குடித்து, நோய் வந்தால் மருந்தும் கிடைக்கிற குழந்தை எந்த நாட்டில், எந்தச் சாதியில் பிறந்தாலும் ஐந்து வயது வரைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளரும். ஒரு குழந்தை அந்த வளர்ச்சியை விட்டுக் கீழே இறங்கினால் அதன் ரத்தத்தில் கோளாறு இல்லை, அதன் தட்டில் கோளாறு. என்னோடு இருந்த ஒரு பெண், 'நம்ம ஜனங்களுக்கு உடம்புவாகே சின்னதுதானே சார்' என்றாள். படித்த பெரிய மனிதர்கள் சிலர்கூட அப்படித்தான் சொல்கிறார்கள், சின்ன உடம்பு ஆனால் ஆரோக்கியம் என்கிறார்கள் என்றார் சார். நான் எழுந்து நின்று மேஜையைத் தட்டினேன். 'சின்ன உடம்புக்குச் சின்னச் சம்பளம் போதும்னு சொல்ல வர்றாங்களா சார்?' என்று கத்தினேன். உட்காரும்மா என்றார்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் இரண்டும் இருந்தன. முன்பக்கம் வீட்டுவசதி வாரியத்தின் அடுக்குமாடிகள். பின்பக்கம், ஏரியை ஒட்டி, குடிசைகள். ஒரு காலத்தில் அந்த ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள்தான் அங்கே இருந்தார்கள். வயலெல்லாம் மனையாகிவிட்டது. ஆண்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை தூக்கினார்கள், பெண்கள் அடுக்குமாடி கட்டும் இடங்களில் சித்தாள் வேலைக்குப் போனார்கள். எங்கள் ஆய்வைப் பொறுத்தவரை மாடியும் குடிசையும் சேர்ந்து ஒரே பகுதி.

மாடி வீடுகளில் ஒரு தொந்தரவும் இல்லை. எங்கள் தராசு கடிகாரம் மாதிரி வட்டமானது. அதை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். குழந்தைக்கு ஜட்டி மாதிரி ஒரு துணிப்பையை மாட்டி, அதன் வாரைக் கொக்கியில் கோத்தால் குழந்தை அந்தரத்தில் தொங்கும், முள் நகரும். புதிதாகத் தொங்கும் எந்தக் குழந்தையும் வீடே இடிகிற மாதிரி கத்தும், காலை உதைக்கும், எங்கள் மேல் ஒன்றுக்குப் போகும். மாடி வீட்டு அம்மாக்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். முள் நின்ற இடம் போதாது என்று என்னிடம் சண்டைக்கு வந்த அம்மாக்களும் உண்டு, ஏதோ நான் கறிக்கடையில் எடை குறைத்துவிட்ட மாதிரி.

குடிசைப் பக்கம் முதல் நாள் கேள்விகள் மட்டும் கேட்டோம். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஏரி நிரம்பித் தண்ணீர் உள்ளே வந்த மழைக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டுக் கேட்டு வயதைக் கணக்குப் போட்டோம். கடைசிக் குடிசையில் இருந்தவள் சின்னப் பெண், சித்தாள். கலவை சுமக்கும் இரும்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள். புருஷன் லாரியில் போகிறவன், எப்போதாவதுதான் வருவான். ஒரே குழந்தை, பெண், இரண்டு வயது முடிந்துவிட்டது. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா கீதுக்கா" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தராசோடு போனோம். என்னோடு எடை போடும் வேலைக்கு ஒருவர் வந்தார், மதுரைப் பக்கத்துக்காரர், நடுத்தர வயது. முள்ளைப் பார்த்து எடையை எழுதுவது என் வேலை, குழந்தையைத் தூக்கி மாட்டுவது அவர் வேலை. முதல் குடிசையில் ஒரு கொழுகொழு பையன், கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. கத்தித் தீர்த்தான். அடுத்த குடிசையிலும் கொழுகொழு. அதற்கப்புறமும் இரண்டு மூன்று வீடுகளில் அப்படியே. எனக்கு ஒரே சந்தோஷம். மாடியில் இருப்பவர்களுக்குச் சமமாக இந்தக் குழந்தைகள் நிற்கின்றனவே என்று நிஜமாகவே மனம் குளிர்ந்துபோனேன். வேலையே முள்ளைப் பார்ப்பது என்பதால் ஒரு குழந்தையின் முகத்தையும் நான் பார்க்கவில்லை, எடைக்காரரும் உதைக்கிற கால்களைப் பைக்குள் மாட்டுவதிலேயே குறியாக இருந்தார். முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றதுகூட எனக்கு உறைக்கவில்லை.

சித்தாள் வீட்டு வாசலுக்கு வந்தோம். குழந்தை வெளியே தயாராக இருந்தது. கவுன், இரண்டு பக்கமும் ரிப்பன், முகம் முழுக்கப் பவுடர். கவுனைக் கழற்ற வேண்டும் என்றதும் சித்தாள் மறுத்தாள். "பொம்பளப் புள்ளக்கா, தெருவுல துணி அவுக்கக் கூடாது" என்றாள். எடைக்காரர் துணிப்பையை விரித்தார். குழந்தை கத்தவில்லை. தானாக ஒரு காலைத் தூக்கிப் பைக்குள் நீட்டியது. அப்புறம் அடுத்த காலையும் நீட்டியது. கொக்கியில் மாட்ட வசதியாக இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு சிரித்தது.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கவுனைத் தூக்கினேன். பையன்.

காலையிலிருந்து நாங்கள் எடை போட்டது ஒரே குழந்தையை. ஒரு வீட்டில் நாங்கள் தராசை அவிழ்ப்பதற்குள் பின்வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடி, அடுத்த வீட்டில் சட்டையை மாற்றி, பொட்டைக் கன்னம் மாற்றி வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள், குடிசையின் தகரக் கதவுக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது, அழக்கூடத் தெம்பில்லாத சத்தம். சித்தாள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளே இருக்கிற குழந்தையை வெளியே எடும்மா" என்றேன்.

"உள்ள யாரும் இல்ல."

அதற்குள் ஒருவன் வந்துவிட்டான். நடிகர் மன்றத்துப் பலகை வைத்திருந்தவன், அந்தக் குடிசைகளில் தண்ணீர் லாரி வருவதிலிருந்து சாவு எடுப்பதுவரை எல்லாம் அவன் சொல்படி. அண்ணாத்தே என்பார்கள். பையனை வீடு வீடாக அனுப்பும் யோசனையும் அவனுடையதுதான். அவனோடு இளவட்டங்கள் சிலர் வந்து சந்து வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா மேடம், எட போட்டாச்சில்ல? கெளம்பு."

"உள்ளே ஒரு குழந்தை கிடக்குது. பார்க்காம போக மாட்டேன்."

"விடுங்க தங்கச்சி, போயிருவோம்" என்று எடைக்காரர் என் காதில் சொன்னார். நான் அவர் கையை உதறினேன்.

"அந்தாண்டக் கரைல இன்னா நடந்துச்சு தெரியுமா ஒனக்கு?" என்றான் அவன். "ஒன்ன மாதிரியே ரெண்டு பொம்பளைங்க வந்தாளுங்க. புள்ளைங்களுக்கு வாந்திபேதி கீதுன்னு எழுதிகினு போனாளுங்க. பின்னாடியே புல்டோசர் வந்துச்சு. சீக்கு பரவுற எடமாம், இருக்கக் கூடாதாம். அடுப்புல சோறு வெந்துகினு கீது, அது மேலயே ஏத்தினான். எங்க மாமன் குறுக்கப் போய் விழுந்தாரு. லத்தியால அடிச்சே காலை ஒடச்சானுங்க. கெழவிங்களை முடியப் புடிச்சி இஸ்துகினு போனானுங்க. இன்னிக்கி அந்த எடம் பிளாட்டு. இப்போ எங்க ஊட்டு முன்னாடி நின்னுகினு சீக்குப் புள்ளையக் காட்டுன்றியா?"

அவன் சொன்னது பொய்யில்லை. எதிர்க்கரையில் உடைந்த ஓடுகளையும் சட்டி பானைகளையும் நானே பார்த்திருந்தேன். எங்கள் ஆய்வுக்கும் இடிப்பவர்களுக்கும் சம்பந்தமில்லை, எடை குறைந்த குழந்தைகள் நிறைய இருந்தால்தான் இங்கே ஒரு சுகாதார நிலையம் வேண்டும் என்று கேட்க முடியும் என்று எடுத்துச் சொன்னேன். நல்ல உடம்பைக் காட்டினால் பிழைக்கலாம் என்று அவர்கள் நினைத்தது எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் என் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது.

"எழுதறவனை நம்பித்தான் அவங்கோ தெருவுக்கு வந்தாங்கோ" என்றான்.

"அப்போ உள்ளே கிடக்கிறது சாகட்டுமா?"

அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வலியில் கண் இருட்டியது. இன்னொரு கையால் செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். பிடி விட்டது. அதே வேகத்தில் கதவை நோக்கிப் பாய்ந்தேன். சித்தாள் காலடியில் கிடந்த இரும்புச் சட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி என் நெற்றியில் இறக்கினாள்.

சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் கண்ணுக்குள் சூடாக ரத்தம் இறங்கியது. நான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். எடைக்காரரை இளவட்டங்கள் பிடித்துத் தள்ளினார்கள். தராசைப் பிடுங்கித் தரையில் போட்டு ஒருவன் மிதித்தான், கண்ணாடி நொறுங்கியது. சித்தாள் சட்டியை மறுபடி ஓங்கினாள். அந்த அடி விழுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஓங்கிய கையைப் பின்னாலிருந்து ஒருத்தி பிடித்தாள். மெயின் ரோட்டில், எஸ்டேட் பஸ் நிறுத்தத்தின் பக்கம் இட்லிக்கடை போட்டிருந்தவள். அந்தக் குடிசைகளிலேயே அவள் வீட்டில்தான் மூன்று வேளையும் ஏதாவது மிஞ்சும், அதனால்தான் அவள் மகன் ஒருவன் மட்டும் கொழுகொழு. அவன்தான் காலையிலிருந்து ஊரெல்லாம் தொங்கிய குழந்தை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. வியாபாரம் முடித்து வந்தவள், கவுனும் ரிப்பனுமாக நடுத்தெருவில் நின்ற மகனைப் பார்த்துவிட்டாள். அவள் அந்தக் கையைப் பிடித்தது என்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை.

"அடிப்பாவி! எம் புள்ள சதைய ஊரு பூரா தூக்கிக் காட்டினியா? அத்தினி கண்ணும் பட்டு நாளைக்கி அவன் இளைச்சிப் பூட்டா நீயா குடுப்ப?" என்று கத்திக்கொண்டே சித்தாளின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். சித்தாள் திரும்பி அவள் தோளைக் கடித்தாள். இரண்டு பேரும் மண்ணில் புரண்டார்கள். இட்லிக்கடைக்காரி கனமான பெண், சித்தாள் கலவை சுமந்து இறுகிய உடம்பு. நகத்தால் கீறி, முழங்காலால் வயிற்றில் குத்தி, ரத்தமும் எச்சிலுமாக உருண்டவர்கள் தகரக் கதவில் போய் மோதினார்கள். கதவு பிய்ந்து விழுந்தது.

கோணியின் மேல் அந்தக் குழந்தை கிடந்தது. இரண்டு வயதுக் குழந்தை என்று நம்ப முடியாது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது, உள்ளே சதை இல்லை. முடி செம்பட்டையாக, முகம் வயதானவர் முகமாக இருந்தது. பயிற்சியில் சார் காட்டிய படங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். படத்துக்கு நாற்றம் கிடையாது. இங்கே பேதியின் நாற்றம் முகத்தில் அடித்தது.

இட்லிக்கடைக்காரி சித்தாளின் முடியைப் பிடித்தபடியே உள்ளே பார்த்தாள். "எம்மாடி, இத எத்தினி நாளா உள்ள போட்டுகினு கீற?" என்றாள்.

"வயித்தால போவுதுக்கா. மருந்துக் கடைல கேட்டு வாங்கி ஊத்துனேன். நிக்கவே மாட்டுது." சித்தாள் அப்போதுதான் அழுதாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா எந்த எடம்னு கேப்பானாம். சொன்னா ஊட்ட இடிப்பானாம். அண்ணாத்தே போவக் கூடாதுன்னுச்சு."

"எட போடறவங்கோ போன பின்னாடி பாத்துக்கலாம்னு சொன்னேன்" என்றான் அவன், கன்னத்தைத் தடவிக்கொண்டே. அவன் குரலில் பழைய அதட்டல் இல்லை. ஆனால் வழியை விட்டு நகரவும் இல்லை. "அட்ரஸ் கேப்பான். இந்த எடத்தைச் சொன்னீங்கன்னா அவ்ளோதான், யாரு ஊடும் மிஞ்சாது."

இட்லிக்கடைக்காரி எழுந்தாள். தோளில் பல் தடம் ரத்தமாகக் கசிந்தது. உள்ளே போய் அந்தக் குழந்தையைக் கோணியோடு அள்ளிக்கொண்டு வந்தாள்.

"என் ரேஷன் கார்டுல மெயின் ரோட்டு அட்ரஸ் கீது. எம் புள்ளன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். "எம் புள்ளைய அத்தினி ஊட்டுக்கும் குடுத்தீங்க இல்ல? இத நான் எடுத்துக்கிறேன். நவுருடா."

அவன் நகர்ந்தான். எடைக்காரர் ஆட்டோ பிடித்தார். அவருடைய துண்டை என் தலையில் கட்டிக்கொண்டு நானும் ஏறினேன். சித்தாளும் இட்லிக்கடைக்காரியும் பக்கத்தில் பக்கத்தில், ஒருவர் ரத்தம் இன்னொருவர் புடவையில் பட, உட்கார்ந்து வந்தார்கள். குழந்தை இட்லிக்கடைக்காரியின் மடியில் இருந்தது. அதன் பாதத்தை மட்டும் சித்தாள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை உடனே உள்ளே எடுத்தார்கள். தாய் யார் என்றதும் இட்லிக்கடைக்காரி முன்னே போனாள். தாய்க்கு மட்டும்தான் வார்டில் இடம். எனக்குத் தையல் போட்டுவிட்டு வந்தபோது சித்தாள் வாசல் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உன்னை உள்ளே விடச் சொல்கிறேன் என்றேன். என் காலைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. வைத்தியம் நிறுத்திடுவானுங்க. கார்டு குடுத்ததுக்கு அந்த அக்காவையும் ஜெயில்ல வெச்சிடுவானுங்க" என்றாள். அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். எழுதுகிறவர்களை நம்பி அவளுக்குப் பழக்கமில்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனோம். கையில் குளுக்கோஸ் ஊசி குத்தியிருந்த குழந்தை, சித்தாளைக் கண்டதும் அந்தக் குச்சிக் கையைத் தூக்கியது. தூக்க முடியவில்லை, விழுந்துவிட்டது. சித்தாள் கட்டிலில் பாய்ந்து குனிந்து முகத்தோடு முகம் வைத்தாள். நர்ஸ் வந்து, யார் இது என்று கேட்டாள். சித்தாள் நிமிர்ந்தாள். "சித்தி" என்றாள். மணி அடித்ததும் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நேராக முகப்பேருக்குப் போய் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தலைக்கட்டைப் பார்த்தும் அவர் குரலை உயர்த்தவில்லை. குடிசைகளில் போட்ட எடை அத்தனையும் பொய், அதில் எதையும் வைத்துக்கொள்ள முடியாது என்றார். அப்படியானால் மறுபடி எடை போடலாம் என்றேன். அன்று காலையிலேயே எடைக்காரர் இரவல் தராசோடு போயிருக்கிறார், சந்து முனையிலேயே கல் வீசித் துரத்திவிட்டார்கள். அளக்க மறுத்துவிட்டார்கள் என்று குறித்துக் குடிசைகளைக் கழித்துவிட்டதாகச் சொன்னார்.

"அப்போ மிஞ்சறது மாடி வீடுங்க மட்டும்தானே சார்? இந்தப் பகுதியிலே எல்லாக் குழந்தையும் கொழுகொழுன்னு இருக்குன்னு ஆகாதா?"

"ஆகும்" என்றார். "பொய் எடையைச் சேர்த்தாலும் அதேதான் ஆகும்."

மேஜையில் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தேன். சில்லு தெறித்து அவர் கையைக் கீறியது. அவர் கைக்குட்டையால் அதைச் சுற்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை நினைத்தால் அவர்மேல் எனக்கு இன்றைக்கும் பாதிக் கோபமும் பாதிப் பரிதாபமும் வரும். இப்போதும் நாடுகளை வரிசைப்படுத்திய செய்தியைப் படித்தால் நான் முதல் நாட்டையும் பார்ப்பதில்லை, கடைசி நாட்டையும் பார்ப்பதில்லை. அளக்க மறுத்தவர்கள், வீட்டில் இல்லாதவர்கள், கிடைக்காதவர்கள் என்று ஏதாவது ஒரு மூலையில் போட்டிருக்கிறானா என்று தேடுவேன். பெரும்பாலும் இருக்காது.

அங்கிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை விடியும்போதே போய்விட்டிருந்தது. வார்டில் இட்லிக்கடைக்காரி கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தாள். "கடைசில அம்மா அம்மான்னுச்சு மேடம். நான் இங்கதான் கீறேன் கண்ணுன்னு சொன்னேன். அது என் மூஞ்சியப் பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கிச்சு" என்றாள். குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்கள். தாய் கையில்தான் கொடுப்பார்கள்.

கேட்டுக்கு வெளியே காத்திருந்த சித்தாளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தூரத்தில் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். வாட்ச்மேன் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"யாரும்மா நீ? எங்க ஓடற?"

அவள் வாய் திறந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பழகிய வார்த்தைதான் வந்தது. "சித்தி" என்றாள்.

"சித்தின்னா வெளிய நில்லு. தாய்க்காரி எடுத்துகினு வருதில்ல."

அவள் வாட்ச்மேன் கையைக் கடித்தாள். அவர் அலறிக்கொண்டு தடியால் அவள் முதுகில் அடித்தார். அடி விழ விழ அவள் பல்லை எடுக்கவில்லை. நான் பாய்ந்து தடியைப் பிடுங்கி அவர் தோளில் ஒன்று வைத்தேன். கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு எங்களைப் பிடித்து இழுத்தார்கள். என் தையல் பிரிந்து மறுபடி ரத்தம் வழிந்தது. அந்த அமளிக்குள் இட்லிக்கடைக்காரி கேட்டைத் தாண்டிப் போய், நடைபாதையில் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினாள். சித்தாள் பிடித்தவர்களை உதறிவிட்டுப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

துணியை விலக்கிப் பார்த்தாள். மூடினாள். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று நின்றேன். ஒரு கையால் என் தலைமுடியைக் கட்டோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்தாள்.

"எல்லார் ஊட்டுப் புள்ளையும் எழுதிகினு போனியே. எம் புள்ளைய எழுதுனியா?"

அவள் என் தலையைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுதுடி. பொம்பளப் புள்ள. ரெண்டு வயசு முடிஞ்சிச்சி. இருந்துச்சின்னு எழுது. இங்க அந்த அக்கா புள்ளன்னு எழுதிட்டானுங்கோ. நீயாவது எழுது."

குடிசைகள் அத்தனையையும் சார் கணக்கிலிருந்து கழித்துவிட்டதை நான் சொல்லவில்லை.

"எழுதிட்டேம்மா" என்றேன்.

"இன்னான்னு எழுதின?"

"பெண் குழந்தை. இரண்டு வயசு. உன் பொண்ணுன்னு எழுதியிருக்கேன்."

அப்போதுதான் என் தலைமுடியை விட்டாள்.